உரிமையாளர் கவனித்த மாற்றங்கள்

சித்திரை மாதத்தில் நாமக்கல்லில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நகரப் பேருந்து ஓட்டிய ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். வெயில் நாற்பத்தொரு டிகிரி. பண்ணைகளில் கோழிகள் வாயைத் திறந்தபடி நின்றன. அம்மா மட்டும் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, "ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க தம்பி, எலும்பு வரைக்கும் குத்துது" என்றாள். எங்கள் ஊர் நகரப் பேருந்துகளில் ஏசி கிடையாது.

இதை நான் கல்லூரியில் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

அம்மாவின் பெயர் சுகந்தி. வயது நாற்பத்தேழு. இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவள். அப்பா இல்லை. இறந்துவிடவில்லை, இல்லை, அவ்வளவுதான். நான் செந்தூரன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வீட்டில் மூன்றாவது ஆள் என்றால் 'சமன்'.

சமன் ஒரு வெள்ளைப் பெட்டி. சமையலறையில் அரிசி டின்னுக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் இருக்கிறது. தைராய்டு சுரப்பி வேலையை நிறுத்திவிட்ட எல்லோருக்கும் அரசாங்கம் ஒன்று கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் விரலை உள்ளே நீட்ட வேண்டும். ஒரு துளி ரத்தம் எடுக்கும், எண்ணிப் பார்க்கும், அடுத்த ஏழு நாளுக்கான மாத்திரைகளை உதிர்க்கும். பலம் நூறா, எழுபத்தைந்தா, ஐம்பதா என்பதை அதுவே முடிவு செய்யும். பிறகு நெற்றியில் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் சமநிலை. சிவப்பு என்றால் நோய்.

விளக்கு எங்கள் வீட்டில் எரியும்போதே பேருந்துப் பணிமனையிலும் எரியும். தெளிவுச் சட்டம் அப்படி. சிவப்பு எரிந்தால் சம்பளத்தோடு விடுப்பு, வீடு தேடி வந்து விசாரிப்பு எல்லாம் உண்டு. பச்சை எரிந்தால் உங்களுக்கு நோய் இல்லை. பச்சையில் இருக்கும்போது நீங்கள் தூங்கினால் அது தூக்கம். தடுமாறினால் அது உங்கள் குணம். சட்டம் வந்தபிறகு நாட்டில் நோயாளிகள் குறைந்தார்கள், சோம்பேறிகள் கூடினார்கள்.

பெட்டிக்கு வானொலிச் செய்தி வாசிப்பவரின் தமிழ்.

"வணக்கம், சுகந்தி. தாங்கள் வேறு ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா?"

"இல்லீங்க" என்பாள் அம்மா. பெட்டிக்கும் மரியாதைதான்.

"தங்கள் அளவு இரண்டு புள்ளி ஒன்று. தாங்கள் சமநிலையில் உள்ளீர்கள். வாழ்த்துகள்."

வாழ்த்தை வாங்கிக்கொண்டு அம்மா சமையல் மேடையில் கை ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஐந்து மணிக்கு எழுந்து ஆறு மணிக்குள் மூன்று வேலை முடிக்கிறவள், தை மாதத்திலிருந்து ஒரு வெங்காயத்தை நறுக்க ஒரு முழுப் பாட்டுக் கேட்கிற நேரம் எடுத்துக்கொண்டாள். குரல் கம்மியது. முகம் உப்பியது. பேசும்போது ஒவ்வொரு வார்த்தையும் லிப்டில் ஏறி வந்தது.

"நடிக்காதம்மா. பொட்டியே வாழ்த்துச் சொல்லுது, நீ என்னடான்னா சாஞ்சு சாஞ்சு நிக்கற" என்றேன் ஒரு நாள்.

"நடிக்கல கண்ணு" என்றாள். யோசித்துவிட்டு, "நடிக்கறேனோ என்னமோ" என்றாள்.

அவளுக்கு நான் ஒரு பட்டப்பெயர் வைத்தேன். ஸ்லோமோஷன் சுகந்தி. மோனை சரியாக வந்ததால் அது கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து பேருந்துக்குள் ஏறியது. அம்மா ஓட்டும் பேருந்துதான்.

சித்திரை இரண்டாம் வெள்ளி, காலை ஏழு மணிக்குப் பச்சை எரிந்தது. ஒன்பதே காலுக்குப் பேருந்து நிலைய வளைவில் அம்மா இளநீர் வண்டி ஒன்றை இடித்தாள். வண்டிக்காரர் பெயர் ராக்கியப்பன். இளநீர்கள் கடைவீதி வரை உருண்டன. அவருக்கு வலது கால் எலும்பு முறிந்தது. 

இளநீர்க்காரருக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போக முடியாதென்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராக்கியப்பன் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழம்பிப் போய்க் கேட்டார்.

"நீ என்னையப் பார்த்தியே அம்மிணி. பார்த்துட்டேதான வந்தே? நானும் பஸ்ஸு நிக்கும்னு நெனச்சு நகராம நின்னேன்."

"பார்த்தனுங்கண்ணா" என்றாள் அம்மா. "கண்ணு பார்த்துருச்சு. காலுக்குச் சேதி போய்ச் சேரல."

"அதென்ன, கடுதாசியா போட்டே?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சாத்துக்குடியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாளில் பணிமனையிலிருந்து குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. பச்சை நிலையில் இருந்தும் கவனக்குறைவாக ஓட்டியது. மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலையும் போகும், ஓட்டுநர் உரிமமும் போகும். அம்மாவுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். மூன்றாவது பத்தி வரைக்கும் படித்தேன்.

"மேற்படி ஓட்டுநர் பயணிகளிடையே 'ஸ்லோமோஷன் சுகந்தி' என்று அறியப்படுவதிலிருந்து, அவரது மெத்தனம் நீண்டகாலப் பழக்கம் என்பது தெளிவாகிறது."

"பஸ்ஸுல பேசிக்குவாங்க, கேட்டிருக்கேன். யாரோ காலேஜ் பசங்க வெச்ச பேரு" என்றாள் அம்மா. "சரியாத்தான் வெச்சிருக்காங்க."

டாக்டரிடம் போனோம். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். இரண்டு புள்ளி ஒன்று. "எல்லாம் நார்மல்மா. நல்லா வாக்கிங் போங்க." அறைக்குள் நாங்கள் இருந்த நேரம் ஒன்றரை நிமிடம். அதில் ஒரு நிமிடம் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "நான் சோம்பேறி ஆயிட்டேன் கண்ணு. உடம்புல ஒண்ணுமில்லைன்னு பொட்டியும் சொல்லுது, டாக்டரும் சொல்றாரு. மனசுதான் கெட்டுப் போச்சு. அந்த மனுசன் காலை ஒடைச்சது என்ற மனசுதான்."

எனக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் நஸ்ரின். கால்நடை மருத்துவர். முப்பது வயதிருக்கும். உடம்பில் எப்போதும் ஏதாவது ஒரு பிராணியின் முடி ஒட்டியிருக்கும். மறுநாள் மாலை அவர் வேலை முடிந்து வரும்போது அம்மா மாடிப்படியில் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருந்தாள். துணி எடுக்க மொட்டை மாடிக்குக் கிளம்பியவள், பாதியில் ஓய்வு.

"சுகந்திக்கா, கொஞ்சம் இப்படி வெளிச்சத்துல திரும்புங்க" என்றார் நஸ்ரின். குனிந்து பார்த்தார். "இந்த மூஞ்சிய எங்கியோ பார்த்திருக்கேன்."

"தெனமுந்தான பார்க்கற?"

"அது இல்லக்கா. ஒரு லேப்ரடார் மேல பார்த்திருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். நஸ்ரின் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஏழு வயசு. வாலுல முடி கொட்டிப் போச்சு. எந்நேரமும் படுத்தே கெடக்கும். மூஞ்சி மட்டும், வீட்டுல யாரோ தவறிட்ட மாதிரி."

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "பாவம். அதுக்கு என்ன ஆச்சு?"

"தைராய்டு. மாத்திரை குடுத்தோம். இப்பப் பூனையத் தொரத்துது."

"எனக்குந்தான் மாத்திரை போகுதே, நஸ்ரின். அளவும் சரியா இருக்கு. பச்சை எரியுது."

"பச்சை இருக்கட்டும்" என்றார் நஸ்ரின். "நாய்க்குப் பேச வராது, பொட்டியும் கெடையாது. அதனால எங்களுக்குப் பார்க்கறதத் தவிர வேற வழியில்ல. செந்தூரா, ஒரு கரண்டி எடுத்துட்டு வா."

கொண்டு வந்தேன். அம்மாவை மாடிப்படிக்குக் கீழே கிடந்த நாற்காலியில் முட்டி போட்டு நிற்கச் சொல்லி, பாதங்கள் பின்னால் தொங்கும்படி வைத்து, குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பைக் கரண்டிக் காம்பால் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளின பாதம் திரும்பி வரவில்லை. வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று யோசிக்கும் விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றுவிட்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. என் காலைத் தட்டினார். உடனே திரும்பி வந்தது.

"பார்த்தியா?" என்றார் நஸ்ரின். "கால் போகுது. திரும்பி வர்றதுக்கு யோசிக்குது. இந்தக் கால்தான் அன்னிக்கு ஆக்சிலேட்டர் மேல இருந்துச்சு."

நாடி பார்த்தார். நிமிடத்துக்கு ஐம்பது. அம்மா தன் மணிக்கட்டில் இருந்த அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையை ஒருவர் பிடித்துப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

நஸ்ரின் வேலை பார்க்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மறுநாள் போனோம். ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இரண்டு வெள்ளாடுகளுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்தார்கள். விவரத்தைக் கணினியில் நான் நிரப்ப வேண்டியிருந்தது. 'விலங்கின் வகை' என்ற இடத்தில் நாய், பூனை, மாடு, ஆடு, கோழி, குதிரை என்று ஆறு இருந்தது.

"மனுஷன் இல்லியே" என்றேன்.

"மனுஷங்களுக்கு யாரு இங்க ரத்தம் பார்க்கறா? நாய்னு போடு. இந்தச் சுரப்புநீர் மட்டும் நாய்க்கும் மனுஷனுக்கும் ஒரே சரக்குதான். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

நாய். பெயர்: சுகந்தி. வயது: நாற்பத்தேழு. அந்த வயதில் நாய் உண்டா என்று கணினி ஒருமுறை சந்தேகப்பட்டுக் கேட்டது. உண்டு என்றேன். உரிமையாளர்: செந்தூரன்.

அடுத்த கட்டத்தில் கை நின்றுவிட்டது. 'உரிமையாளர் கவனித்த மாற்றங்கள்: தேதியுடன் எழுதவும்.' அதை நிரப்பாமல் மேலே போக விடாது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு கட்டம் இல்லை. டாக்டரின் திரையிலும் இல்லை. கூட இருக்கிறவர்கள் என்ன பார்த்தார்கள் என்று மனிதர்களுக்கான எந்தப் படிவமும் கேட்டதில்லை. நான் எழுத ஆரம்பித்தேன். தை முதல் வாரம், காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. தை கடைசி, உட்கார்ந்தபடி தூக்கம். மாசியில் குரல் கம்மல், மோதிரம் கழற்ற முடியாமல் விரல் வீக்கம். பங்குனியில் ஸ்வெட்டர். பங்குனி உத்திரத்தன்று கோயில் படியில் ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. சுகந்தி, நாய், ஒன்று புள்ளி ஒன்பது. பக்கத்தில் பச்சை எழுத்தில்: நார்மல்.

"போச்சு" என்றேன்.

"நாயா இருந்தா நார்மல்" என்றார் நஸ்ரின். "ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் நாய்க்குச் சரி. மனுஷங்களுக்கு அஞ்சுக்குக் கொறையவே கூடாது. அக்கா உடம்புல சுரப்புநீர் பாதிகூட இல்ல. இதுல பஸ் ஓட்டியிருக்காங்க."

"அப்பப் பொட்டி எப்படிப் பச்சை காட்டுது?"

"அதுதான் எனக்கும் தெரியணும். வீட்டுக்குப் போலாம்."

சமையலறையில் நஸ்ரின் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். மாத்திரை வெறும் வயிற்றில்தானே? ஆமாம். காபி எப்போது? அரை மணி நேரம் கழித்துத்தான். கால்சியம், இரும்புச்சத்து? கிடையாது.

"வேற மருந்து ஏதாவது?"

"ஒரு மருந்தும் இல்ல. பொட்டியும் வாராவாரம் இதையேதான் கேக்குது." பேசிக்கொண்டே அம்மா பிரிட்ஜ் மேலிருந்து ரோஸ் நிற டப்பா ஒன்றை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "அந்தத் தைராய்டு மாத்திரையத் தவிர வேற எதையும் நான் தொடறதில்ல."

நஸ்ரின் டப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "இது என்னக்கா?"

"இதா? இது மருந்தில்ல. முடிக்கு."



"பியூட்டி பார்லர்ல விக்குது. சத்து மாத்திரை. பொறந்தநாளைக்குப் பையன்தான் வாங்கிக் குடுத்தான்" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாக. "முடி கொட்டுதுன்னு ஆவணியில சொல்லிட்டிருந்தேன்."

"தெனம் எத்தனை?"

"ஒண்ணு. வெள்ளிக்கிழமை மட்டும் நாலு."

"வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

"தலைக்குக் குளிக்கிற நாளாச்சே! குளிச்சுட்டுப் பார்த்தா ஜலதாரையில பந்து பந்தா முடி. பார்க்கவே வயிறு எரியும். அதனால நாலாப் போட்டுக்குவேன்."

"போட்டுட்டு?"

"போட்டுட்டுப் பொட்டிக்கு விரல நீட்டுவேன்."

நஸ்ரின் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார்.

"பொட்டி எண்ணறது டிஎஸ்ஹெச். கழுத்துச் சுரப்பியப் பார்த்து மூளை போடற சத்தம்னு வெச்சுக்கங்க. சுரப்புநீர் கொறைஞ்சா மூளை கத்தும், நம்பர் ஏறும். சுரப்புநீர் நெறைய இருந்தா மூளை அமைதியாயிரும், நம்பர் எறங்கும். அந்தச் சத்தத்த எண்ணறதுக்குப் பொட்டிக்குள்ள ஒரு பசை இருக்கு. பயோட்டின்னு பேரு. இந்த ரோஸ் டப்பாவுல இருக்கறதும் அதேதான். ரத்தத்துல அது ஏற்கெனவே மெதந்துட்டிருந்தா, பொட்டியோட பசை ஒட்டாது. மூளை கத்தறது அதுக்குக் கேக்காது. 'அமைதியா இருக்கு, மருந்து ஜாஸ்தி'ன்னு மாத்திரையக் கொறைக்கும். நூறு மைக்ரோகிராம் போட்டுட்டிருந்தவங்களுக்கு இப்ப எவ்வளவு வருது?"

அம்மா அட்டையை நீட்டினாள். இருபத்தைந்து.

"கொறைக்கக் கொறைக்க மூளை இன்னும் கத்தியிருக்கு. நெஜ நம்பர் ஏற ஏற, பொட்டி அதை எறக்கிக் காட்டியிருக்கு. ரெண்டும் ஒரு எடத்துல சந்திச்சு நார்மல் ஆயிருச்சு."

"முடி கொட்டறதும்..." என்று ஆரம்பித்தேன்.

"மாத்திரை கொறைஞ்சதால கொட்டுது. கொட்டுதுன்னு இதப் போடறாங்க. இதப் போட்டா மாத்திரை கொறையுது."

"அப்பப் பொட்டி பொய் சொல்லுதா?" என்றாள் அம்மா.

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா. 'எனக்குத் தெரியல'ன்னும் சொல்லத் தெரியாது."

அம்மா அந்த ரோஸ் டப்பாவைத் தள்ளி வைத்தாள். 

"அப்ப நான் சோம்பேறி இல்லியா?"

"இல்லக்கா."

அம்மா அழுதாள். அழுகைகூட மெதுவாகத்தான் வந்தது.

அன்றோடு ரோஸ் டப்பாவை நிறுத்தினோம். அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டி விரலைக் குத்திவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது. "தங்கள் அளவு அறுபத்தெட்டு. தாங்கள் சமநிலையில் இல்லை. வருந்துகிறோம்." சிவப்பு எரிந்தது. நூறு மைக்ரோகிராம் மாத்திரைகள் ஏழு விழுந்தன. வீட்டில் பாயசம் வைத்தோம். நோய்க்குப் பாயசம் வைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை விசாரணைக்கு நஸ்ரினும் வந்தார். பணிமனை மேலாளர் தாமோதரன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அம்மாவை இருபது வருடமாகத் தெரிந்தவர். தட்டச்சு செய்ய பிரேமலதா. சாட்சியாக ராக்கியப்பன், ஊன்றுகோலோடு.

மேலாளர், சிவப்பு எரிந்த விவரம் இருந்த தாளை இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு ஒடம்பு சரியில்லங்கறது இதுல தெரியுதுங்கம்மா. ஆனா விபத்து நடந்த அன்னிக்குப் பச்சை. சட்டம் அன்னிக்கு எரிஞ்ச விளக்கைத்தான் பார்க்கும்."

நஸ்ரின் முடி மாத்திரையைப் பற்றிச் சொன்னார். மேலாளரின் முகம் இன்னும் இருண்டது.

"இதைச் சொல்லாம இருந்திருக்கலாம் டாக்டர். முப்பத்திரண்டு வெள்ளிக்கிழமை 'வேற மருந்து இல்லை'ன்னு சொல்லியிருக்காங்க. இப்ப அது பொய் வாக்குமூலம். கவனக்குறைவுக்கு வேலைதான் போகும். இதுக்குக் கேஸே போடலாம்."

"பொய் சொல்லலீங்க சார்" என்றாள் அம்மா. "மருந்தான்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். அது முடிக்குங்க."

மேலாளர் அவளையே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, "பிரேமா, நீங்க ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றார் பிரேமலதா, தட்டச்சை நிறுத்தாமல்.

"முடிக்கு?"

தட்டச்சு நின்றது. "அது... சாப்பிடறனுங்க சார்."

"நம்ம டிப்போவுல வேற யாரு?"

"லேடீஸ் எல்லாருமே சார். ஒண்ணாத்தான் வாங்குவோம்."

மேலாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வரிசையாகப் பேருந்துகள் நின்றன. ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவரும் ஒரு பெண்தான். மேலாளரின் முகத்தில் நான் பார்த்தது பயம்.

"பொய் வாக்குமூலத்த விட்டுருவோம்" என்றார் மெதுவாக. "ஆனா அந்தப் பச்சைய நான் என்ன பண்ணறது? மனுஷனுக்கு விளக்கு சொல்றதுதான் சாட்சி. ஆளு சொல்றது சாட்சி இல்ல. எனக்கு ஒரு விதி வேணும்."

நஸ்ரின் பையிலிருந்து கால்நடை ஆஸ்பத்திரித் தாளை எடுத்து வைத்தார். "இது என்னோட சர்டிபிகேட். நாய்னு இருக்கும். படிங்க."

மேலாளர் படித்தார். எழுந்து அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். பணிமனையில் இரண்டு காவல் நாய்கள் உண்டு; அவற்றுக்கும் விதி உண்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் வாசித்தார்:

"'போக்குவரத்துக் கழகப் பணியில் உள்ள நாய் நோயுற்றதாகக் கால்நடை மருத்துவர் சான்றளித்தால், அதற்குப் பணியிலிருந்து ஓய்வு அளிக்கப்படும். உரிமையாளர் மாற்றங்களைக் கவனித்த நாளிலிருந்தே அந்த நாய் நோயுற்றதாகக் கொள்ளப்படும். அந்நாட்களில் நேர்ந்த தவறுகளுக்கு நாய் பொறுப்பாகாது.'"

புத்தகத்தை மூடினார். "சர்டிபிகேட்ல நாய்னு இருக்கு. இவங்க கழகப் பணியில இருக்காங்க. எனக்கு ரெண்டும் பொருந்துது. ஆனா கவனிச்ச தேதிய உரிமையாளர் வாயால சொல்லணும். யாரு செந்தூரன்?"

எழுந்தேன்.

"தை மாசமே கவனிச்சதா எழுதியிருக்கீங்க. உண்மையா?"

"உண்மைங்க சார்."

"ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க. இவ்வளவு கவனிச்சுட்டு, என்ன பண்ணுனீங்க?"

கவனிக்கவில்லை என்றால் அம்மாவின் வேலை போய்விடும். கவனித்தேன் என்றால் அடுத்த கேள்வி இதுதான். அம்மா என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஜோக் அடிச்சேன் சார்" என்றேன். "ஸ்லோமோஷன் சுகந்தி. அந்தப் பேரு நான் வெச்சது."

பிரேமலதா அதைத் தட்டச்சு செய்யவில்லை. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. விதிப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராக்கியப்பன்தான் தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்ணு கவனிச்சனுங்க. சொல்லலாமுங்களா? அம்மிணி கவனக்குறைவா வரல. என்னையவே பார்த்துட்டு வந்துச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குப் பார்த்துச்சு. கால்தான் வரல."

மேலாளர் பேனாவை எடுத்து, தாளில் என் குறிப்புகளுக்குக் கீழே அதை எழுதினார். எழுதிவிட்டுத் தயங்கினார். பிறகு இன்னொரு வரியும் எழுதினார். தலைகீழாக என்னால் படிக்க முடிந்தது: 'தினமும் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். மாசியிலிருந்து தலை மட்டும் அசைத்தார். தாமோதரன்.'

"அம்மா, இதுல உங்களுக்கு வருத்தம் இருந்தாச் சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார். "ஆனா என்கிட்ட வேற விதி இல்ல."

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். விலங்கின் வகை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மனுசியா இருந்தப்ப எல்லாரும் விளக்கைத்தான் சார் பார்த்தாங்க. நாய்னு சொல்லித்தான் ஒருத்தி கையப் புடிச்சுப் பார்த்தா. எங்க கையெழுத்துப் போடணும்?"

வீட்டுக்குப் பேருந்தில் வந்தோம். வழி நெடுக அவள் பேசவில்லை. அது நோயா கோபமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறங்கும்போது, "பேரு நல்லாத்தான் வெச்சே" என்றாள். அவ்வளவுதான். நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்புகள் எல்லாம் வீணாயின.

ஸ்வெட்டர் ஆனியில் பீரோவுக்குள் போனது. ஆடியில் அம்மா வேலைக்குத் திரும்பினாள். நாய்க்கான விதியில் விடுப்பு எடுத்தவள் நாய்க்கான விதியில்தான் திரும்ப முடியும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நஸ்ரினின் சான்றிதழ் தேவை. இப்போது புதன்கிழமை மாலைகளில் கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. பிரேமலதா வருகிறார். பெண் ஓட்டுநர்கள் வருகிறார்கள். போன வாரம் ராக்கியப்பன்கூட வந்திருந்தார். அவருக்குத் தைராய்டு எல்லாம் இல்லை, சும்மா ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். ஆடுகள் சலித்துக்கொள்கின்றன.

நேற்று அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவள் முறை வந்தது, ரத்தம் எடுத்தார்கள், கிளம்பலாம் என்று எழுந்தேன். "இரு, இன்னொரு சீட்டு இருக்கு" என்றார் நஸ்ரின். அதை என்னிடம் நீட்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கன்றுக்குட்டியை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலங்கின் வகை: நாய். பெயர்: செந்தூரன். வயது: இருபது. உரிமையாளர்: சுகந்தி.

உரிமையாளர் கவனித்த மாற்றங்கள்: வைகாசியிலிருந்து ஜோக் அடிப்பதில்லை.